‘கடை காலி’ விற்பனையில் சீர்ப் பொருள் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், என் தங்கையின் திருமணத்துக்குச் சீராகக் கொடுக்கவேண்டிய கட்டில், மெத்தை, துணி அலமாரி, திரைச்சீலைகள் ஆகியவற்றைத் திருச்சியில் ஒரு வீட்டு அலங்காரப் பொருள் கடையின் இறுதி விற்பனையில் 65,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அவற்றில் கட்டில் மூன்றே மாதத்தில் விரிசல் விட்டது. அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பிப் போனது. மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து கிடக்கிறது. பணம் போனதைவிட, புகுந்த வீட்டில் என் தங்கை அதைச் சொல்லமுடியாமல் இரண்டு மாதம் தவித்தாளே, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. ஆடியிலும் தையிலும் இத்தகைய விற்பனைகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன என்பதால், நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

முதலில் வந்தது நாளிதழுக்குள் மடித்து வைக்கப்பட்ட மஞ்சள் நிறத் துண்டறிக்கை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் பகுதியில் நல்ல பெயருடன் இருந்த கடை அது. என் பெற்றோர் வாங்கிய சாப்பாட்டு மேசை அங்கே வாங்கியதுதான். இன்றும் ஆடாமல் நிற்கிறது. ‘கடையை நிரந்தரமாக மூடுகிறோம், எந்தப் பொருளும் எம்.ஆர்.பி.யில் பாதி விலை, கட்டில் 4,999 ரூபாய் முதல், வீட்டுக்கு இலவசமாகக் கொண்டுவந்து தரப்படும், ஞாயிறு இரவு 9 மணியோடு சரி’ என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். அதே வாசகத்தை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மூன்று நாள்கள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டே போனது. இத்தனை காலம் நம்மோடு இருந்த கடை மூடுகிறதே என்று அம்மா வருத்தப்பட்டார். அந்த வருத்தமும் எங்களை அங்கே இழுத்துப்போன காரணங்களில் ஒன்று என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை மாலை நாங்கள் போனபோது உள்ளே நிற்கவும் இடமில்லை. 4,999 ரூபாய்க் கட்டில் எங்கே என்று கேட்டதற்கு, காலையிலேயே தீர்ந்துவிட்டது என்றார்கள். நமக்கு அறிமுகமான பழைய பணியாளர் ஒருவர்கூட அங்கே இல்லை. புதிதாக நின்ற இளைஞர்கள் எல்லோரும் கையில் விற்பனைப் பட்டியல் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, எந்தப் பொருளைத் தொட்டாலும் “இது இன்னொருத்தர் கேட்டுட்டுப் போயிருக்காங்க சார், நீங்க சொன்னா உங்களுக்கு எழுதிடறேன்” என்றார்கள். தேக்குக் கட்டில் என்று ஒன்றைக் காட்டினார்கள். 37,000 ரூபாய் என்பதை அடித்து 18,500 என்று எழுதியிருந்தது. அலமாரியில் 58,000 அடிக்கப்பட்டு 29,000. மெத்தை, ‘40 டென்சிட்டி’ என்று உறையிலேயே தைத்த பட்டியுடன், 22,000லிருந்து 11,000. திரைச்சீலை, படுக்கை விரிப்பு எல்லாம் சேர்த்து 6,500. அம்மா கட்டிலின் அடியில் குனிந்து பார்க்க முயன்றபோது, “அம்மா, இதே மாடல் குடோன்ல புதுசா பாக்கெட்டோட இருக்கு, அதைத்தான் அனுப்புவோம், இது டிஸ்பிளே பீஸ்” என்று ஒருவர் தடுத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் நாங்கள் ஏமாந்தோம். நாங்கள் தட்டிப் பார்த்து மகிழ்ந்த கட்டில் வேறு, தங்கையின் புகுந்த வீடு இருக்கும் தஞ்சாவூருக்குப் போய் இறங்கிய கட்டில் வேறு.

பணம் கட்டும் இடத்தில் இரண்டாவது தவறு நடந்தது. கார்டு கொடுத்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாகக் கூடும், ரொக்கமோ யுபிஐயோ என்றால் வேண்டாம் என்றார்கள். எம்.ஆர்.பி. என்றாலே எல்லா வரிகளும் அடங்கிய விலை. தள்ளுபடி விலையின் மேல் தனியாக வரி கேட்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2017ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. யுபிஐயில் முழுத்தொகையும் செலுத்தினேன். கைப்பேசித் திரையில் கடையின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. “முதலாளி அக்கவுண்ட்தான் சார்” என்றார் பணம் வாங்கியவர். கையில் கிடைத்தது பில் அன்று, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட ஒரு வெள்ளைச் சீட்டு. அதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. அடியில் ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரி மட்டும் தெளிவாக அச்சாகியிருந்தது. இலவசம் என்று சொன்ன போக்குவரத்து, 10 கிலோமீட்டருக்குள் மட்டும்தான் என்று கடைசியில் சொல்லி, தஞ்சாவூருக்குத் தனியாக 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

ஆவணியில் திருமணம் முடிந்தது. தீபாவளிக்குத் தங்கையையும் மாப்பிள்ளையையும் அழைக்கப் போனபோதுதான் படுக்கையறையைப் பார்த்தேன். கட்டிலின் ஒரு பக்கத்துச் சட்டத்துக்கு அடியில் இரண்டு செங்கல்களை அடுக்கி, மேலே ஒரு பழைய துணியை மடித்து வைத்திருந்தார்கள். நான் கேட்டதும் தங்கை, “அது ஒண்ணும் இல்லண்ணே, சும்மா ஆடாம இருக்கத்தான்” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். அவளுடைய மாமியார் நல்லவர். ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் சீர் கொண்டுவந்த அண்ணனாக அந்தச் செங்கல்களுக்கு முன்னால் நின்றபோது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மறுநாள் மாப்பிள்ளை தமக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரை அழைத்துவந்தார். அவர் சட்டத்தைக் கழற்ற முயன்றபோது, திருகாணி திருப்புளிக்கு வேலையே வைக்காமல், ஒரு பிடி தூளோடு கையில் வந்தது. சட்டத்தின் அடிப்பக்கத்தில் உளியின் முனையால் ஒரு கீறல் போட்டார். தேக்கின் ரேகை போல் இருந்தது முழுவதும் அச்சிட்ட காகிதம். அது தோல் போல உரிந்து வந்தது. உள்ளே மரச்சீவலையும் தூளையும் பசையில் குழைத்து அழுத்திய பார்ட்டிகிள் போர்டு. “தம்பி, தேக்குன்னா அறுத்த இடத்துல வாசமே சொல்லும். இதுல பசை வாசம்தான் வருது” என்றார். பார்ட்டிகிள் போர்டு தன்னளவில் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு, புத்தக அடுக்குக்கோ மேசைக்கோ விற்றால் எவருக்கும் குறையில்லை. ஆனால் அது திருகாணியை இறுகப் பிடிக்காது, ஈரத்தைத் தாங்காது. இருவர் படுக்கும் கட்டிலின் பாரம் தாங்கும் சட்டத்தை அதில் செய்து, தேக்கு என்று சொல்லி விற்றதுதான் மோசடி. அலமாரிக்கும் அதே கதைதான். தினமும் தரையைத் துடைக்கிற வீட்டில் அடிப்பலகையின் ஓரப் பட்டை பிரிந்து, உள்ளே நீர் ஏறி, ஊறிய ரொட்டி போல் விளிம்பு உப்பியிருந்தது. கதவின் கீல் ஒன்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

அலமாரியை நகர்த்தியபோதுதான் பின்பக்கத்து விலைச் சீட்டு கண்ணில் பட்டது. ஈரத்தில் ஒரு மூலை எழும்பியிருந்தது. நகத்தால் மெல்ல இழுத்தேன். 58,000 என்ற சீட்டுக்கு அடியில், சற்றே மங்கிய இன்னொரு சீட்டு. அதில் இருந்த விலை 21,500. பாதி விலை என்று நான் கொடுத்த 29,000, அந்தப் பொருளின் பழைய முழு விலையைவிட 7,500 ரூபாய் அதிகம். அந்த இரண்டு சீட்டுகளையும் ஒட்டியபடியே படம் எடுத்து வைத்தேன். வழக்கில் இப்போது அதுவே முதல் சான்று.

மெத்தையைப் பற்றிச் சந்தேகம் வந்ததும் அதை எடை போட்டுப் பார்த்தோம். இதை யாரும் வீட்டிலேயே செய்யலாம் என்பதால் கணக்கைச் சொல்கிறேன். டென்சிட்டி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதுதான். எங்கள் மெத்தை 6 அடி நீளம், 5 அடி அகலம், அரை அடி கனம்; ஆகமொத்தம் 15 கன அடி, அதாவது ஏறத்தாழ 0.425 கனமீட்டர். 40 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டுமே 17 கிலோ இருக்கவேண்டும். பழைய இரும்புக் கடையின் தராசில் அது உறையையும் சேர்த்து 10 கிலோ 200 கிராம்தான் காட்டியது. உறையின் எடையைக் கழித்தால் 24 டென்சிட்டியைக்கூட எட்டாது. மெத்தை எத்தனை கிலோ என்று கடைக்காரரிடம் கேட்க எவரும் தயங்கவேண்டாம். திரைச்சீலைகளின் சாயம் முதல் சலவையிலேயே போய்விட்டது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

திருச்சி திரும்பியதும் கடைக்குப் போனேன். நிரந்தரமாக மூடியிருக்கவேண்டிய கடை விளக்கொளியில் திறந்திருந்தது. ‘தீபாவளி இறுதி விற்பனை, இன்னும் 3 நாள்கள் மட்டுமே’ என்று புதிய பதாகை தொங்கியது. மேலாளர் என்று வந்தவர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, “அது ஆடி சேல் போட்ட பார்ட்டி சார், அவங்க கணக்க முடிச்சிட்டுப் போயிட்டாங்க. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். மெல்ல விசாரித்ததில் உண்மை தெரிந்தது. பழைய உரிமையாளர் தொழிலை விட்டு விலக முடிவுசெய்து, கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் சில மாதங்களுக்கு வெளியூர்க்காரர்களிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார். கடையில் மீதமிருந்த நல்ல சரக்கு முதல் வாரத்திலேயே போய்விட்டது. அதன்பிறகு லாரி லாரியாக வேறு சரக்கு வந்து இறங்கி, அந்தப் பெயரின் கீழ், புதிதாக ஒட்டிய விலைச் சீட்டுகளோடு விற்றிருக்கிறது. இருபதாண்டுப் பெயரை நம்பித்தான் நாங்கள் போனோம். அந்தப் பெயர் மட்டுமே அங்கே மிச்சம் இருந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டேன். அவர்கள் புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசத்துக்கு வழிசெய்வார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. கடைத் தரப்பில் பதில் வராததால், பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தாக்கல் செய்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் நமக்குப் பெரிய துணை. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பது குறித்து மக்களைத் தவறாக நம்பவைப்பது, பில் தராமல் இருப்பது, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது ஆகிய மூன்றையும் முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டத்தின் 2(47) உட்பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எனவே ‘திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று சீட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்து எவரும் வாய்மூடித் திரும்பிவிட வேண்டாம். கைவசம் போதிய சரக்கு இல்லாமல் ‘4,999 முதல்’ என்று ஆசைகாட்டி அழைக்கும் விளம்பரங்களுக்கும் 2022 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் வரம்பு விதித்திருக்கின்றன.

நான் செய்யாமல் விட்டவை பெரிய காரியங்கள் அல்ல. எல்லாம் பத்து நிமிட வேலை. பதிவு பெற்ற கடையின் பெயர்ப்பலகையில் ஜி.எஸ்.டி. எண் இருக்கவேண்டும். பதினைந்து எழுத்துள்ள அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டால், உரிமையாளரின் சட்டப்படியான பெயரும் பதிவுசெய்த நாளும் வந்துவிடும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். அதில் வரும் பெயரும், பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். வரி மிச்சம் என்ற ஆசையில் எஸ்டிமேட் சீட்டை வாங்காதீர்கள். நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த வரிதான் இன்று விற்றவர் யார் என்பதை நிறுவவே என்னைப் படாதபாடு படுத்துகிறது. பில்லில் ‘கட்டில்’ என்று மட்டும் எழுத விடாமல், எந்த மரம், எந்தப் பலகை, எத்தனை டென்சிட்டி என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் தேக்கு என்பவர் எழுத்தில் தேக்கு என்று எழுதத் தயங்கினால் அதுவே விடை. பார்த்த பொருளையே அனுப்பவேண்டும் என்று சொல்லி, அதன் அடிப்பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலைக் கவிழ்த்துப் பார்க்க விடாத கடையில் கட்டில் வாங்க வேண்டியதில்லை. முழுத்தொகையையும் முன்னதாகக் கொடுக்காமல் ஒரு பகுதியை, பொருள் வந்து இறங்கிப் பிரித்துப் பார்த்தபின் கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

வழக்கில் பழைய உரிமையாளரையும், யுபிஐயில் பெயர் வந்த நபரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்த்திருக்கிறேன். பெயரை வாடகைக்குக் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு என்பதே என் வாதம். ஆணையம் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதே ஆடியில் அதே போன்ற விற்பனையில் பொருள் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்த மஞ்சள் துண்டறிக்கையையும் வெள்ளைச் சீட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் அலமாரியின் பின்பக்கத்து விலைச் சீட்டை இன்றே மெல்லப் பிரித்துப் பாருங்கள், பிரிப்பதற்கு முன் ஒரு படமும் பிரித்த பின் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.