பனியன் அச்சுக்கு நீர்வழி பாலியூரித்தேன் பைண்டர்: ஒரு மதிப்பீடு

திருப்பூரில் பிக்மெண்ட் (நிறத்துகள்) அச்சுக்கு, நிறத்தைத் துணியில் ஒட்டவைக்கும் பைண்டராக அக்ரிலிக்கே பெரும்பாலும் புழங்குகிறது. லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்த துணியை இழுத்தால் அச்சு வெடிக்கிறது என்ற புகார் ஓயாததால், விலை கூடுதல் என்றாலும் நீர்வழி, அதாவது தண்ணீரில் துகள்களாகப் பரவி நிற்கும், பாலியூரித்தேன் பைண்டர் ஒன்றை எங்கள் அச்சுக்கூடத்தில் பயன்படுத்தி வருகிறோம்.

கேனைத் திறந்ததும் நிறமே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பழைய பைண்டர் பால் வெள்ளை. இது பாதி ஒளி ஊடுருவும் திரவமாக, ஓரங்களில் இளநீலம் தட்டி நிற்கிறது. துகள்கள் மிகப் பொடியானவை என்பதற்கு அது அடையாளம். இவற்றை எந்த இயந்திரமும் அரைத்து ஆக்கியதில்லை. டைமெத்திலால் புரோப்பியானிக் அமிலம் என்னும் மோனோமர் (சங்கிலியைக் கோக்கும் சிறு மூலக்கூறு) பாலியூரித்தேன் சங்கிலியில் ஆங்காங்கே கார்பாக்சில் என்னும் அமிலத் தொகுதிகளைத் தொங்கவிடுகிறது. அவற்றை அமீன் என்னும் காரப்பொருள் கொண்டு நடுநிலையாக்கித் தண்ணீர் சேர்க்கும்போது, மின்னேற்றம் பெற்ற அத்தொகுதிகள் நீரை நோக்கி வெளியே திரும்ப, நீரை ஒதுக்கும் பாலியால் பகுதிகள் (சங்கிலியின் நெகிழ்வான நீள் துண்டுகள்) உள்ளே ஒடுங்கி, சங்கிலிகள் தாமாகவே நானோ உருண்டைகளாகின்றன. அந்த மோனோமரைக் கூட்டினால் உருண்டை சிறுக்கும், திரவம் தெளியும். ஆனால் காய்ந்த படலம் நீரை உறிஞ்சுவதால் சலவையில் அச்சு தளரும். ஆகவே தெளிவை மட்டும் பார்த்துச் சரக்கு எடுப்பது சரியன்று. இந்தச் சரக்கில் அளவு பொருத்தமாகவே இருக்கிறது. பலமுறை துவைத்தும் அச்சு உரியவில்லை.

இழுவையில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம். நெகிழ்வான பாலியால் பகுதிகள் நீண்டு கொடுக்கின்றன; யூரித்தேன் பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றி, படலத்தைப் பழைய நிலைக்கு இழுத்துக்கொள்கின்றன. அக்ரிலிக்கில் இதே மென்மைக்காக பியூட்டைல் அக்ரிலேட் என்னும் மென்மையூட்டும் மோனோமரைக் கூட்டினால் அச்சு பிசுபிசுக்கத் தொடங்கிவிடும்.

இதன் பலவீனம் நம் ஊர்த் தண்ணீரில் வெளிப்படுகிறது. ஆர்.ஓ. நீர் உள்ள டம்ளரில் ஒரு சொட்டு விட்டபோது புகைபோலச் சீராகப் பரவியது. போர் தண்ணீரில் விட்டது நூல் நூலாகத் திரிந்து, சற்று நேரத்தில் அடியில் படிந்தது. கடின நீரின் கால்சியமும் மக்னீசியமும் கார்பாக்சில் தொகுதிகளின் மின்னேற்றத்தை அடக்கிவிடுவதால், விலகி நிற்க வேண்டிய துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அச்சை நிலைப்படுத்தச் சேர்க்கும் ஃபிக்ஸர் அமிலத்தன்மையுள்ளதாக இருந்தாலும் இதே கதிதான்.

லேபிளில் எனக்குக் குறை உண்டு. பாலியூரித்தேனின் மூலப்பொருள் அரோமேட்டிக் (பென்சீன் வளையம் உள்ள) டைஐசோசயனேட்டா, அலிஃபாட்டிக்கா (அது இல்லாததா) என்ற விவரம் அதில் இல்லை; முன்னது வெயிலில் மஞ்சளிக்கும் என்பதால் வெள்ளை அச்சுக்கு இது முக்கியம். கடைக்காரரிடம் கேட்டால் “நல்ல சரக்குங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அச்சிட்ட துண்டின் பாதியை மூடி மொட்டைமாடி வெயிலில் போட்டுப் பார்த்தேன். இரு பாதிக்கும் வேறுபாடு தெரியவில்லை.

உள்பனியனுக்கு அக்ரிலிக்கே போதும், இந்தச் செலவு வீண். லைக்ரா ரிப், விளையாட்டு உடை ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் துகள்கள் ஒன்றிப் படலமான பின் தண்ணீரில் கரையாது என்பதால், சாப்பாட்டு வேளைக்குக்கூட ஸ்கிரீனை (அச்சிடும் வலையை) கழுவாமல் விடக் கூடாது.