பழைய மாருதி 800: ரேடியேட்டர் மாற்றியபின் நீண்ட ஓட்டத்தில் தெரிந்தவை

மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினுக்கு அலுமினிய ஹெட் (எஞ்சினின் மேல்பாகம்). தண்ணீர் குறைந்து ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளைந்து, அதற்கடியில் உள்ள கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போய்விடும். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டினால் அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதிலுள்ள உப்பு குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு ஒழுகாது, ஆனால் வண்டி மேடேறும்போது சூடாகும். சூடான எஞ்சினை அணைத்து, ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு ரேடியேட்டரின் நடுப்பகுதியான கோரைத் தொட்டுப் பாருங்கள். திட்டுத் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அடைப்பு உறுதி.

செம்பு-பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைக்கலாம், டேங்கைப் பிரித்து, குழாய்க்குள் ராட் (கம்பி) விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி. ஒழுகலை அடைக்கும் பவுடரைக் கொட்டினால் ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோரும் சேர்ந்து அடைபடும்; அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரேடியேட்டரோடு மேல், கீழ் ஹோஸ், கிளிப், மூடி, தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். மூடியில் அழுத்த அளவு 0.9 என்றிருந்தால் அதே அளவில் வாங்க வேண்டும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் தளர்ந்த மூடியில் 100-லேயே கொதித்துவிடும். எஞ்சின் ஆறியதும் மேல் ஹோஸ் சப்பிப் போனால், மூடியிலுள்ள சின்ன வால்வு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேய்மானமும் ஏறும். புதியதைக்கூடப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கி, அதில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்தே பொருத்துங்கள். காற்று வெளியேறும் சிறு துளை மேல்பக்கம் வர வேண்டும்.

பழைய தண்ணீரை வடித்தபின், நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசிச் சுற்று டிஸ்டில்டு வாட்டர். எஞ்சின் பிளாக்குக்குள் எப்போதும் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே கூலன்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தண்ணீரும் சேர்ந்த 50-50 கலவையைத் தயாராகக் கலந்து ஊற்றினால் நீர்த்துப்போகும். கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியைக் கலக்காத கூலன்டாக முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கலவை சரியாக அமையும். நிறம் ஒன்றாக இருந்தாலும் இரண்டு கம்பெனி கூலன்டைக் கலக்காதீர்கள்.

நிரப்பும்போது ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்கட்டும். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை மெதுவாக நிரப்புங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) அல்ல, ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏசி வண்டியில், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசி அடைந்துகொள்ளும்; பலர் கவனிப்பதே இல்லை. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுங்கள்; வேகம் கூடினால் ஃபின் (மெல்லிய தகடு) மடங்கிவிடும்.

சாதாரணப் பச்சைக் கூலன்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வடித்ததைத் தெருவில் விடாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும்.