குபா இரவுத் தவளை நடை: போகலாம், ஆனால் கூட்டத்தோடு போகாதீர்கள்

மலேசியாவின் போர்னியோ பகுதியில் இருக்கும் கூச்சிங் நகரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒராங் உத்தானைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிற குபா தேசியப் பூங்காவை யாரும் கண்டுகொள்வதில்லை. பகலில் பனை வகைகளும் அருவியும் இருக்கின்றன, சரி. ஆனால் இந்த இடத்துக்கு இருட்டிய பிறகுதான் போக வேண்டும்.

நான் போனது ஒரே ஒரு தவளைக்காக. மைக்ரோஹைலா போர்னியென்சிஸ். வளர்ந்த ஆண் தவளையே 10.6 முதல் 12.8 மில்லிமீட்டர்தான், ஒரு பட்டாணி அளவு! இந்திரனில் தாஸ், அலெக்சாண்டர் ஹாஸ் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் இதே குபாவிலிருந்துதான் இதைப் புது இனமென்று நெபெந்திகோலா என்ற பெயரில் அறிவித்தார்கள். பிறகு, 1928-இலேயே பெயர் வைக்கப்பட்ட போர்னியென்சிஸும் இதுவும் ஒன்றே என்று தெரிந்து பழைய பெயரே நிலைத்துவிட்டது. மலையுச்சிக்குப் போகும் தார்ச்சாலையின் ஓரத்தில் தரையோடு தரையாக மண்டிக் கிடக்கும் நெபெந்தஸ் ஆம்புலாரியா என்ற குடுவைச் செடிதான் இதற்குப் பிரசவ அறை. குடுவையின் உள்சுவரில் முட்டை, அடியில் தேங்கிய நீரில் தலைப்பிரட்டை. பூச்சி தின்னும் செடிக்குள் குஞ்சு எப்படிப் பிழைக்கிறது என்று கேட்பீர்கள். இந்தச் செடியின் மூடி பின்பக்கமாக மடிந்திருக்கும், மேலிருந்து விழும் இலைதழை நேராக உள்ளே போகும், பூச்சியோடு அந்த மக்கலிலிருந்தும் இதற்கு நிறைய சத்து கிடைக்கிறது.

இப்போது சேவைக்கு வருகிறேன். வழிகாட்டி அருமையான மனிதர், சத்தத்தை வைத்தே இன்னது என்று சொல்லிவிடுகிறார். முன்பதிவு செய்த நிறுவனம்தான் சொதப்பியது, சிறு குழு என்று காசு வாங்கிவிட்டு ஒரு பட்டாளத்தையே சேர்த்துவிட்டார்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு, ஓயாத பேச்சு. சாயங்காலத்தில் கரகரவென்று கூப்பிடத் தொடங்கும் இந்தப் பொடியன் காலடி கேட்டாலே வாயை மூடிக்கொள்கிறான். குரல் நின்றுவிட்டால் அவ்வளவு சின்ன உடம்பை இலைச்சருகில் எங்கே தேடுவது? குரலைக் கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லை.

ஆனாலும் காசு வீண் என்று சொல்ல மாட்டேன். சாலையில் இன்னும் மேலே தவளைக் குளம் இருக்கிறது. காதுக்குப் பின்னால் ரம்பம் போல எலும்பு துருத்தும் மரத்தவளை, விரல்களுக்கிடையே அகலமான சவ்வு வைத்திருக்கும் பறக்கும் தவளை, எல்லாம் அங்கே கண்ணுக்கெதிரே உட்கார்ந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த இரவாக இருந்தால் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஏற்றம் மட்டும் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

போவதானால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தனியாக வழிகாட்டி வையுங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை. குடுவைகளைக் கவிழ்த்துப் பார்க்காதீர்கள், கொசு மருந்து தடவிய கையால் தவளையைத் தொடாதீர்கள். திரும்பி வர வண்டியை முன்பே பேசி வைத்துவிடுங்கள், இரவில் அங்கே நின்று செயலியில் தேடுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.