திருவையாறு வார இறுதிக் கர்நாடக இசைக் குரல் வகுப்பு: ஆண்கள் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். முதல் நாளே கட்டை (அவரவர் பாடும் சுருதியின் உயரம்) பார்த்துவிடுகிறார்கள். மந்திர பஞ்சமம் (நடு 'ஸ'வுக்குக் கீழே வரும் 'ப') வெறுங்காற்றாகாமல் நிற்கவேண்டும். தார மத்திமம் (மேல் 'ஸ'வுக்கும் மேலே வரும் 'ம') கத்தாமல் எட்டவேண்டும். ஆண்களுக்கு இது பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் அமையும். ஒரு கட்டைக்காரர் அடுத்துள்ள தார பஞ்சமமும் தொட்டால் இரண்டு ஸ்தாயி (ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே அதே ஸ்வரம் வரை ஒரு ஸ்தாயி), மேற்கத்தியக் கணக்கில் ஏறக்குறைய பாரிடோன், அதாவது நடுத்தர ஆண்குரல்.

ஐந்து நிமிடம் உதட்டை 'ப்ர்ர்' என அதிரவிட்டு, பிறகு 'ஆ' என்ற அகாரத்தில் சரளி வரிசை என்னும் ஆரம்ப ஸ்வரப் பயிற்சி, அரை அரைக் கட்டையாக ஏற்றம். மேலே போகையில் முகவாயைத் தூக்கினால் உடனே நிறுத்தச் சொல்கிறார்கள். சரிதான்: குரல்வளை மேலேறி இறுகும், ஸ்வரம் பிசிறும். கள்ளக்குரலை (உச்சத்தில் வரும் மெல்லிய பொய்க்குரல்) விரட்டாமல், மேலிருந்து மெல்ல இறக்கி நிஜக்குரலோடு இணைக்கிறார்கள். இந்த ஒன்றுக்கே கட்டணம் தகும்.

குறை? கடைசி அரைமணி, சிறுவர்களோடு ஐந்து கட்டையில் கூட்டுப் பாட்டு. ஆண் தொண்டைக்கு வதை. வாய்மூடித் தாளம் போடுங்கள்.