ஃபிரிட்ஜ் கீழே மட்டும் கூலிங் இல்லையா? "கேஸ் போயிடுச்சு" என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

வேலூர், காட்பாடி பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த அதே நம்பருக்கு எங்கள் பின்தெருவில் ஒரு அக்கா நேற்று போன் பண்ணியிருக்கிறார். நல்லவேளை, ஆள் வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வீடு சத்துவாச்சாரியில். ஃபிரிட்ஜ் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ, வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த சமயம், நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தால் திரிந்துவிட்டது. முந்தின நாள் அரைத்த மாவு பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டில் வழிந்திருந்தது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல் மாதிரி இருக்கிறது, கீழே மட்டும் வெதுவெதுப்பு. பாலும் மாவும் போனால் போகட்டும், கதவுத் தட்டில் அம்மாவின் இன்சுலின் இருந்தது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. பதறிப்போய் அதை எதிர்வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, போனை எடுத்து கம்பெனி பெயரோடு "சர்வீஸ் சென்டர் வேலூர்" என்று தேடினேன். முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒரு பெண் கம்பெனி பெயரைச் சொல்லியே பேசினார். ஒரு மணி நேரத்தில் பைக்கில் ஆள் வந்துவிட்டார். வாரண்டி கார்டு கேட்கவில்லை, சீரியல் நம்பர் பார்க்கவில்லை, கையில் மீட்டர் கிடையாது. ஃபிரிட்ஜை இழுத்து, பின்னால் கம்ப்ரசர் மேல் என் கையைப் பிடித்து வைத்து, "பாருங்க சார், எப்படிக் கொதிக்குது, கேஸ் போயிடுச்சு" என்றார். சுட்டது உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரசர் சுடத்தான் செய்யும், கோடையில் கையே வைக்க முடியாது. அது எனக்கு அப்போது தெரியாது. கேஸுக்கு 3,350, வந்துபோக 450, மொத்தம் 3,800 என்றார். அம்மாவின் மருந்து நினைப்பிலேயே இருந்ததால் சரி என்றுவிட்டேன்.

ஒரு சின்ன சிலிண்டரோடு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார், அப்புறம் ஒரு துணி கேட்டார். பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. கிளம்பும்போது, "கேஸ் செட் ஆகணும், நாளைக்குக் காலை வரை ஆன் பண்ணாதீங்க, கதவைத் திறந்தே வைங்க" என்றார். அவர் செய்த மொத்த வேலையில் இந்த ஒரு வார்த்தைதான் சூட்சுமம், அதற்கு அப்புறம் வருகிறேன். மறுநாள் போட்டதும் நன்றாகக் குளிர்ந்தது. எனக்கும் திருப்தி. ஒன்பதாம் நாள் மறுபடி கீழே வெதுவெதுப்பு. போன் பண்ணினால், "அப்போ கம்ப்ரசரே வீக் சார், மாத்தணும், 9,500 ஆகும்" என்கிறார்.

அப்போதுதான் சந்தேகம் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி தோட்டப்பாளையத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு பாயைக் கூட்டி வந்தேன். வயதானவர். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "மேல ஐஸ் கட்டுதா சார்?" கட்டுகிறது என்றேன். "அப்ப கேஸ் நல்லாத்தான் கீது. கேஸ் போனா மேலயும் சேர்ந்து கூலிங் போயிடும்" என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரீசருக்குள் பின்பக்கத்து பிளாஸ்டிக் பலகையின் ஸ்குரூவைக் கழற்றினார். உள்ளே காயில், அதாவது குளிர வைக்கும் குழாய்ச் சுருள், இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி ஐஸ், கம்பியும் தெரியவில்லை, தகடும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் அந்தக் காயிலில் படியும் பனியை சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் உருக்கிவிடும். தண்ணீர் குழாய் வழியாகப் பின்னால் இருக்கிற தட்டுக்கு இறங்கி, கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகிவிடும். அந்த ஹீட்டரோ, அதோடு இருக்கிற பைமெட்டலோ (சூடு போதுமானதும் ஹீட்டரை நிறுத்தும் சுவிட்ச்) ஃபியூஸோ போய்விட்டால் பனி உருகாமல் சேர்ந்துகொண்டே போய், ஃபேன் காற்று கீழே இறங்க வழியில்லாமல் அடைத்துவிடும். ஃப்ரீசர் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது குளிராகவே இருக்கும், கீழே மட்டும் போய்விடும். ராத்திரி முழுக்க ஆஃப் பண்ணி வைத்தால் ஐஸ் தானாக உருகி, வழி திறந்து, ஒரு வாரம் பத்து நாள் நன்றாக ஓடும். என் ஃபிரிட்ஜை அந்த ஒன்பது நாள் ஓட வைத்தது அதுதான். அந்த ஆளுக்கு என்ன கோளாறு என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாய் மீட்டர் வைத்துப் பார்த்தார், ஃபியூஸ் போயிருந்தது. ஃபியூஸும் பைமெட்டலும் சேர்த்து மாற்றி, கூலியோடு 850 ரூபாய் வாங்கினார். அப்புறம் டார்ச் அடித்து, கம்ப்ரசரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயைக் காட்டினார். கேஸ் ஏற்றினால் அதை வெட்டவோ துளைக்கவோ வேண்டும். அதன் நுனி கம்பெனியில் நசுக்கி அடைத்தபடியே, மேலே அடித்த கறுப்பு பெயிண்டில் ஒரு கீறல் கூட இல்லாமல் இருந்தது. கேஸே ஏற்றவில்லை!

உங்கள் வீட்டில் யாராவது கேஸ் என்று சொன்னால், எங்கே லீக் என்று முதலில் கேளுங்கள். ஃபிரிட்ஜ் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை. அதை அடைத்து, ஃபில்டர் மாற்றி, பம்ப் வைத்து வேக்யூம் இழுத்து, அப்புறம்தான் எடை பார்த்து ஏற்ற வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் முடிகிற வேலையே இல்லை. இப்போது வரும் பல ஃபிரிட்ஜில் ஆர் 600ஏ, அது தீப்பற்றும் கேஸ், தெரியாதவர் கையில் விடக் கூடாது. கம்ப்ரசர் என்று சொன்னாலும் வாரண்டி கார்டைத் தேடி எடுங்கள், பல கம்பெனிகள் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து வருஷம் தருகிறார்கள். கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகாமல் நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை "டிக்" என்று சத்தம் மட்டும் வந்தால் பல சமயம் அதை ஸ்டார்ட் பண்ணிவிடும் ரிலே என்கிற சின்ன பாகம்தான் போயிருக்கும். இன்னொன்று, ஐஸைக் கத்தியால் குத்தி எடுக்காதீர்கள், குழாய் ஓட்டையானால் அப்போது நிஜமாகவே கேஸ் போய்விடும்.

வாரண்டி கார்டில் இருந்த கம்பெனி நம்பருக்கு அடித்தபோது, அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்றுவிட்டார்கள். முதலில் வந்த அந்த ஆள் தந்த பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லை, ஜிபே போனது ஒரு தனி ஆளின் பெயருக்கு. பில், ஜிபே ரசீது, அந்தக் குழாயின் போட்டோ எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், இரண்டு வருஷத்துக்குள் போகலாம், இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் கிடையாது. இன்று காலை மறுபடி தேடிப் பார்த்தேன், அந்த நம்பர் இன்னும் முதலில்தான் வருகிறது.