செங்கல் சூளையில் ஒரு புதன்கிழமை

இந்த முறை ஊருக்குப் போனது அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக. ஆறு வாரம் இருந்தேன். மெல்போர்னுக்குத் திரும்பிய பிறகும் மனதை விட்டுப் போகாமல் இருப்பது, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் உள்ள செங்கல் சூளையும் அங்கே பார்த்த 14 மாதப் பெண் குழந்தையும்தான்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி இப்போது எங்கள் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியர். ஊருக்கே அவள் நர்சம்மா. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் ஊசி போட்டு முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் சூளைக்குக் கிளம்பினாள். "நீயும் வா, வந்து பாரு" என்றாள். ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல் வரிசைகளுக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து குடிசைகள். எல்லாரும் வேறு மாவட்டத்திலிருந்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரி இரண்டு மணிக்கே கல் அறுக்க இறங்கிவிடுகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இறங்கினால்தான் கணக்கு ஓடும்.

அந்தக் குழந்தையை ஏழு வயது அக்கா இடுப்பில் வைத்திருந்தாள். நர்சம்மா பையிலிருந்து ஒரு நாடாவை எடுத்தாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி, குழந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்க்கிற நாடா. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அளவு சிவப்பில் நின்றது: 11.2. அப்புறம் இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் சில விநாடி அழுத்தி, குழி விழுகிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். வீக்கம் இல்லை. ஆனால் நாலு நாளாகப் பேதி. ஓ.ஆர்.எஸ். கொடுத்திருந்தார்கள், ஆனால் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் போட்டுக் கலக்கியிருக்கிறார்கள். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைத்தால்தான் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேரும். அதை அங்கேயே கரைத்துக் காட்டினாள். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

"சத்துமாவு வாங்குனியா, இல்லையாம்மா?"

தாய் குடிசைக் கூரையில் தொங்கிய பையைக் காட்டினார். இரண்டு பாக்கெட், பிரிக்கவே இல்லை.

"எப்பக் கிண்டறது நர்சம்மா? கை பூரா மண்ணு. டீயில பன்னை நனைச்சுக் குடுத்துட்டு ஓடுறேன்."

எனக்கு அந்த இரண்டு பாக்கெட்டைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது. அந்த ஏழு வயது அக்கா பள்ளிக்குப் போனால் அவளுக்குக் காலை உணவு இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. மதியம் சத்துணவும் உண்டு. இரண்டு வயது ஆகிவிட்டால் அங்கன்வாடியில் சுடச்சுடச் சாப்பாடு, முட்டை. அதற்கும் சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற அந்தச் சத்துமாவு பாக்கெட்தான். பசியாறிய குழந்தையாக வளர ஒரு நாளைக்கு நாலைந்து தடவை உட்கார வைத்து ஊட்ட வேண்டிய வயது இதுதான். ஆனால் ஊட்டுகிற கை மட்டும் அந்தச் சூளைக்கு எந்தத் திட்டத்திலிருந்தும் வரவில்லை.

இது யாருக்கும் தெரியாத விஷயமும் இல்லை. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் வந்த ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளைத்தான் குறி வைத்தது. மாதாமாதம் எடை பார்த்து, ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவைக் கண்முன்னே ஊட்ட வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ளவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தடுப்பூசியில் இவ்வளவு முன்னால் நிற்கிற மாநிலத்தில் இந்த எண் எனக்கு வலிக்கிறது. ஊசி ஒரு நிமிட வேலை, சோறு ஊட்டுவது தினசரி வேலை.

பேதியும் இருந்ததால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் நானே அவர்களைக் காரில் கூட்டிப் போனேன். ஓ.பி. சீட்டு, குழந்தை மருத்துவர் என்று எல்லாம் முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, மாதிரி எடுக்கும் நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க என்றார்கள். தாயின் முகம் அப்படியே இறுகிப் போனது. இன்னொரு நாள் கூலி போச்சு. கார் இல்லையென்றால் அந்தச் சீட்டு அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும், நிச்சயமாகச் சொல்வேன்.

அடுத்த நாள் சேர்த்துக்கொண்டார்கள். வார்டு நர்ஸுகள் தங்கமானவர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து பால் கொடுத்தார்கள். ஆனாலும் ஒன்பதாம் நாள் தாய் டிஸ்சார்ஜ் கேட்டுக் கிளம்பிவிட்டார். தங்குகிற தாய்க்குக் கூலி இழப்புக்கு ஒரு தொகை உண்டு. அட்வான்ஸ் வாங்கிய குடும்பத்துக்கு அது எந்த மூலைக்கு? முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புக்குத் தருகிற அரசுக்கு, வேலைக்குப் போகிற தாயின் கஷ்டம் தெரியாமல் இல்லை. அந்த அக்கறை குழந்தையின் இரண்டாம் வயதுக்கும் வர வேண்டும்.

நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் பிறந்ததிலிருந்து மூன்றரை வயது வரை 10 தடவை செவிலியர் குழந்தையைப் பார்ப்பார். முதல் தடவை வீட்டுக்கே வருவார். நல்ல சேவை. ஆனால் என் குழந்தை பிறந்தபோது எனக்குச் சம்பளத்தோடு விடுப்பும் இருந்தது, அதனால்தான் பத்துக்கும் போக முடிந்தது. என் தோழி செய்கிற வேலை அந்தச் செவிலியருடையதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

சூளையில் கல் அறுக்க முடியாத ஒரு பாட்டி இருக்கிறார். நர்சம்மா அவரைப் பிடித்தாள். சத்துமாவைக் கிண்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நாலு குழந்தைகளுக்கு ஊட்டுகிறார். இப்போதைக்குப் பாட்டிக்கு நான் காசு அனுப்புகிறேன். இது ஓர் ஏற்பாடே இல்லை என்று எனக்கும் தெரியும். அங்கன்வாடியோடு சேர்த்துக் குழந்தைகள் காப்பகம் நடத்த மத்திய அரசின் பால்னா திட்டத்தில் வழி இருக்கிறது. அப்படி ஒன்று சூளை ஓரத்தில், விடியற்காலையிலேயே திறக்கிற மாதிரி வேண்டும். பஞ்சாயத்துக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வாரம் தோழி போட்டோ அனுப்பினாள். நாடா மஞ்சளில், 11.8. மழை வந்தால் சூளை மூடிவிடும், குடும்பம் எந்த ஊருக்குப் போகும் என்று அவர்களுக்கே தெரியாது. தாய் சேய் நல அட்டையின் பின்பக்கம் பிக்மி எண்ணை, அதாவது அரசுப் பதிவில் தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள அடையாள எண்ணைப் பெரிதாக எழுதி, அதன் கீழே தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். "எங்க போனாலும் அங்க இருக்கற நர்சம்மாகிட்ட இதக் காட்டி, எனக்கு ஒரு போன் போடச் சொல்லு."