விரிசல் விழுந்த மங்கல் லென்ஸும் அதன்பின் வந்த டிஃப்யூசர்களும்: ரப்பர் தோட்டத்தில் நெற்றி விளக்கு அனுபவம்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு மரங்கள். பாதியில் நானும், மீதியில் நீண்ட காலமாக எங்களிடம் வேலைக்கு வரும் ஓர் அக்காவும் பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறோம். வெயில் ஏறினால் இலை வழியே நீர் ஆவியாகி, பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் குறைந்து, பால் சீக்கிரமே நின்றுவிடும் என்பதால் நாலு மணிக்கு முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவோம். ஆகவே அடைமழை நாள்களையும் இலையுதிர்வுக் காலத்தையும் தவிர்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டரை மணி நேரம் என் நெற்றியில் விளக்கு எரிகிறது. 2017 தொடங்கி இன்றுவரை மூன்று விளக்குகளையும், அவற்றின் ஒளியைப் பரப்பும் ஐந்து வகை டிஃப்யூசர்களையும் பயன்படுத்திப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். விடியுமுன் மல்லிகை பறிப்பவர்கள், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவர்கள் என்று கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்யும் எவருக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

விளக்கு வாங்கும்போது எத்தனை லூமென், எத்தனை மீட்டர் போகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். ஆனால் பால் வெட்டுக்குத் தூரம் வேண்டியதில்லை. கத்தி பட்டையைச் சீவும்போது, பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள வளரும் அடுக்கான கேம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடி கத்தி வைக்க முடியாமல் போகும். காயத்துக்குப் பயந்து மேலோட்டமாக வெட்டினால், பால்குழாய்கள் நெருங்கியுள்ள உள்பட்டையைக் கத்தி தொடாமல் பால் குறையும். இந்த ஒரு மில்லிமீட்டரைக் கண்ணானது பட்டையின் நிறத்தையும் சொரசொரப்பையும் கொண்டே அறிகிறது. குவிந்த ஒளியை நெற்றியில் கட்டிக்கொண்டு ஒன்றரை அடி தூரத்தில் பார்த்தால், நடுப்பொட்டு விழும் இடத்தில் ஊறிவரும் பால் கண்ணைக் கூசவைக்கும். கண்மணி சுருங்கி, வெட்டின் இரு முனைகளும் இருட்டாகிவிடும். கத்தியின் நிழலும் கூரிய விளிம்போடு வெட்டுக்குள்ளேயே விழுந்து ஆழத்தை மறைக்கும். ஒளியைச் சிதறடித்துப் பரப்பும் மங்கல் லென்ஸ் இந்த மூன்று தொல்லைகளையும் ஒருசேரத் தீர்க்கிறது. முதல் விளக்கு தொழிற்சாலையிலிருந்தே மங்கல் பிளாஸ்டிக் லென்ஸோடு வந்ததால், அதன் அருமை எனக்கு இரண்டு ஆண்டுகள் தெரியவேயில்லை.

2019 ஐப்பசி மழையில் அந்த லென்ஸ் விரிசல் விட்டது. விளக்கு கீழே விழவில்லை, எதிலும் மோதவுமில்லை. ஒரு நாள் காலை பட்டையில் விழும் ஒளி கலங்கலாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தபோது, முகப்பு வளையம் அழுத்தும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிரிழை போன்ற கோடுகள் ஏழெட்டு ஓடியிருந்தன. சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் கோடுகள்; நகத்தால் வருடினால் இரண்டில் மட்டும் நகம் சிக்கியது. அந்த இரண்டின் வழியாக ஈரம் உள்ளே போய், பிரதிபலிப்பானின் வெள்ளிப் பூச்சில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. விற்றவரிடம் கொண்டுபோனேன். தவறவிட்டிருப்பீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பதில் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. காரணத்தைத் தேடியே தீர்வது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

காரணம் எங்கள் ஷெட்டிலேயே இருந்தது. நாங்கள் பாலை உறையவைத்து ஷீட் அடிப்பதில்லை; பாலாகவே விற்கிறோம். கேனில் பால் உறைந்துவிடாமலிருக்க அதில் அம்மோனியா சேர்ப்பது வழக்கம். வேலை முடிந்ததும் நான் விளக்கை மாட்டிவந்த ஆணி, அந்தக் கேன்களுக்கு நேர் மேலே இருந்தது. நெற்றி விளக்குகளின் பிளாஸ்டிக் லென்ஸ்கள் பெரும்பாலும் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். பாலிகார்பனேட் அடியை நன்றாகத் தாங்கும். சுத்தியலால் தட்டினால்கூட எளிதில் உடையாது. ஆனால் அம்மோனியா அதற்கு ஆகவே ஆகாது. அதிலும், திருகி இறுக்கிய வளையத்துக்கு அடியில் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் விளிம்பில்தான் ரசாயனம் முதலில் விரிசலைத் திறக்கும். அழுத்தம் மட்டும் இருந்தால் பல ஆண்டுகள் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் சில மாதங்களில் முடிந்துவிடும். வளையத்தை நான் மாதந்தோறும் வலுவாக இறுக்கி வந்ததும் கேட்டுக்குத் துணை போயிருக்கிறது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சற்றே நசுங்கும் அளவுக்குமேல் இறுக்க வேண்டிய தேவையே கிடையாது.

மாற்று லென்ஸ் ஒன்று வாங்கிப் போட்டேன். அதைக் கெடுத்தது கொசு. மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக் கொசுவுக்குப் பயந்து கைகால்களில் களிம்பு பூசாமல் யாரும் இறங்குவதில்லை. அத்தகைய களிம்புகள் பலவற்றில் இருக்கும் டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது. களிம்பு பூசிய கையோடு விளக்கைச் சாய்த்துச் சரிசெய்ததில், என் கட்டைவிரல் ரேகை லென்ஸின் மேல் அச்சடித்ததுபோல் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. அன்றோடு, வெளியே தெரியும் பரப்பு கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். இரண்டாவது விளக்கைத் தெளிவான கண்ணாடி லென்ஸோடு வாங்கி, ஒளியைப் பரப்பும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் மங்கலான செலோடேப். அவசரத்துக்கு நல்லது, இரண்டு அடுக்கு ஒட்டினால் நடுப்பொட்டு காணாமல் போகும். ஆனால் வியர்வையில் ஓரம் கிளம்பி, தூசி ஒட்டி, பத்து நாளில் பார்க்கச் சகிக்காது. அடுத்து சிலிக்கான் தொப்பி. கூடாரத்தில் தொங்கவிடும் டார்ச்சுக்கு இது அருமையான பொருள். நெற்றியில் கட்டும் விளக்குக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். ஏனென்றால் அதன் சுவர் முழுவதும் ஒளிர்ந்து, புருவத்துக்குக் கீழேயும் வெளிச்சம் வழிந்து, நம் கண்ணுக்கே திரை போடும். வெளியே போகாத ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே சுற்றி வெப்பமாகும் என்பதால், அதிக வெளிச்சத்தில் விளக்கின் தலை கூடுதலாகச் சுடும்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் மங்கல் ஃபிலிம்தான் உண்மையில் மன நிறைவு தந்த முதல் வழி. டார்ச் ஆர்வலர்கள் உலகெங்கும் ஜெர்மனியின் டி-சி-ஃபிக்ஸ் ஃபிலிமைத்தான் சொல்வார்கள். நான் ஸ்டிக்கர் கடையில் மீந்த துண்டு ஒன்றை வாங்கினேன். லென்ஸை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து, அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டுக் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைக்காவிட்டால் ஃபிலிம் ஓ-ரிங்குக்கு அடியில் போய் நீர்க்காப்பைக் கெடுத்துவிடும். இந்த ஏற்பாடு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஓராண்டு உழைத்தது. பிறகு சூட்டில் பசை மஞ்சளடித்தது. அந்த மஞ்சள் பட்டையின் நிறத்தை மாற்றிக் காட்டியதே என் குறை.

மூன்றாவது விளக்கில் பிரதிபலிப்பானுக்குப் பதிலாக, முழு அக எதிரொளிப்பு முறையில் இயங்கும் மணிமணியான முகப்புள்ள 60 டிகிரி அக்ரிலிக் லென்ஸைக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டேன். பரவல் அழகு, இழப்பும் குறைவு. அர்மிடெக் விஸார்ட் போன்ற விளக்குகள் இப்படிப்பட்ட அமைப்போடுதான் வருகின்றன. ஸீப்ராலைட் விளக்குகளின் மாடல் பெயரில் வரும் எஃப் என்ற எழுத்து மங்கல் லென்ஸைக் குறிக்கும். புதிதாக வாங்குபவர்கள் இந்த வகைகளையே தேடலாம். நாமே மாற்றும்போதோ, எல்.இ.டி.யின் உயரத்துக்கு லென்ஸ் சரியாக உட்காரவில்லையென்றால் ஒளியில் வளையங்கள் விழும். எனக்கு அந்த வளையம் முழுதாகப் போகவில்லை.

இப்போது நான்காண்டாக நிலைத்திருப்பது நானே தேய்த்த மங்கல் கண்ணாடி. கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளில் தட்டையான வட்டக் கண்ணாடிகள் அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரிசையாகக் கிடைக்கும். வெர்னியரால் அளந்து கேட்டால் போதும். மோட்டார் உதிரிபாகக் கடையில் வால்வு தேய்க்கும் கார்பரண்டம் பேஸ்ட் வாங்கி, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றில் கடுகளவு வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, லென்ஸைக் கவிழ்த்து எட்டு எழுதுவதுபோல் சுற்ற வேண்டும். முதலில் கறகறவென்று சத்தம் வரும். துகள் நசுங்க நசுங்கச் சத்தம் தணிந்து சேறு சாம்பல் நிறமாகும். அப்போது கழுவித் துடைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால், எங்கே தெளிவான தீவுகள் மிச்சமிருக்கின்றன என்பது தெரியும். கண்ணாடித் தூள் காற்றில் பறக்காமலிருக்க ஈரம் காயவே கூடாது.

தேய்த்த பக்கம் உள்ளே பார்த்து இருக்க வேண்டும் என்பதை நான் ஒரு மழைக்காலத்தைப் பறிகொடுத்துத்தான் கற்றேன். வெளியே வைத்தபோது, ஒரு வியர்வைத் துளி பட்ட இடமெல்லாம் கண்ணாடி தெளிந்து, பட்டையில் ஒளிப்பொட்டுகள் ஆடின. தேய்த்த பரப்பின் குழிகளில் காற்றுக்குப் பதில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு நெருங்கிய நீர் நிரம்புவதால் ஒளி சிதறாமல் நேராகப் போய்விடுகிறது; எண்ணெய்க் கையும் இதையே செய்யும். உள்ளே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு. வெளியிலிருந்து அடி விழும்போது கண்ணாடியின் உட்புறம்தான் இழுபடுகிறது. தேய்த்த பரப்பின் நுண்கீறல்கள் அங்கே இருப்பதால் உடையும் வாய்ப்பு கூடும். அதனால் ஒன்றரைக்குப் பதில் இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியைப் போட்டு, ஓ-ரிங்கைச் சற்று மெல்லியதாக மாற்றிக்கொண்டேன்.

தூரம் போவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டியில் போடும் தூரம் என்பது ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர முறைப்படி ஒளி 0.25 லக்ஸாக, அதாவது முழு நிலவின் அளவுக்கு, மங்கும் இடம். நடுவின் செறிவு 2,500 கேண்டெலா என்றால் அது 100 மீட்டர். டிஃப்யூசர் அதை 100 கேண்டெலாவாகப் பரப்பிவிட்டால் 20 மீட்டர்தான். மொத்த வெளிச்சத்தில் பெரிய இழப்பு இல்லாவிட்டாலும் தூரம் ஐந்தில் ஒன்றாகிவிடும். வெட்டும்போது இது குறையே அன்று. ஆனால் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் சருகின் மேல் நடக்கையில், விரியன் கிடக்கிறதா என்று முன்னே பார்க்க வேண்டும். மார்கழிப் பனிமூட்டத்திலோ, கண்ணுக்கு அருகிலிருந்து பரவும் ஒளி பனித்துளிகளில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திரையாக நிற்கும். இரண்டுக்கும் எந்த மங்கல் லென்ஸிலும் தீர்வு இல்லை என்பதால் இடுப்பில் குவிந்த ஒளியுள்ள ஒரு சிறு டார்ச் வைத்திருக்கிறேன். இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் பனியிலும் தரை தெரிகிறது.

விளக்கு இப்போது வீட்டுத் திண்ணையில், அம்மோனியாவுக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது. வைகாசி முடிவதற்குள் வளையத்தைக் கழற்றி, கண்ணாடியைத் தண்ணீரில் கழுவி, ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் தொட்டு மாட்டுவேன். சென்ற ஆண்டு அக்கா என் விளக்கை வாங்கி இரண்டு மரம் வெட்டிப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் நல்லா பரவுது தம்பி, ஆனா எனக்குப் பட்டையில மேடு பள்ளம் தெரியல” என்றார். ஐம்பதைத் தாண்டிய கண். முழுக்கப் பரவிய ஒளியில் நிழலே இல்லாமல் சொரசொரப்பு மழுங்குவது அவருக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையுமாக வரும் பேஸ்ட் டப்பாவின் மென்மையான பக்கத்தைக் கொண்டு, அவருக்குப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, நடுவில் கொஞ்சம் செறிவு மிஞ்சும்படி வேறொரு கண்ணாடி தேய்த்துக் கொடுத்தேன். அதைத்தான் இன்றும் போட்டிருக்கிறார்.